பழைய பெட்டிகளின் பக்கம்

என் அண்ணனை அடித்தவர்களில் வெளியாள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் எங்கள் லயத்துக்காரர்கள். முதலில் கை ஓங்கியவன் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவன். என்னை அக்கா என்றும் என் அண்ணனை அண்ணே என்றும் கூப்பிட்டு வளர்ந்தவன். அடிக்கும்போதும் அந்த முறையை அவன் விடவில்லை.

"ஏண்ணே அமத்தி வச்ச? சொல்லுண்ணே, ஏன் அமத்தி வச்ச?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. பதில் சொல்ல அண்ணன் வாயைத் திறந்தபோதெல்லாம் வேறு யாருடைய கையாவது அந்த வாயின் மேல் விழுந்தது. அன்று காலையில்தான் அப்படிக் கேட்டு அடித்தவனுடைய அப்பாவை யானை மிதித்துக் கொன்றிருந்தது. உடல் இன்னும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு பழைய கம்பளிக்கு அடியில் கிடந்தது. கம்பளியால் முழுதும் மூட முடியவில்லை.

நான் செய்கிற வேலையைச் சொன்னால்தான் இது விளங்கும். கருவிகளையும் மென்பொருட்களையும் எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுவது என் தொழில். சம்பளத்துக்கு ஒரு கம்பெனிக்கு எழுதுகிறேன். சம்பளம் இல்லாமல் ஒரு திறந்த மூல மென்பொருளுக்கு எழுதுகிறேன். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பல ஊர்களில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் ஓய்வு நேரத்தில் அதைக் கட்டிக் காக்கிறார்கள். காட்டு மிருகம் ஊருக்குள் வருவதை முன்கூட்டியே கண்டு எச்சரிப்பதுதான் அந்த மென்பொருளின் வேலை.

அதில் என் பொறுப்பு பழைய பதிப்புகளின் விளக்கங்களைப் பராமரிப்பது. யாரும் விரும்பி எடுத்துக்கொள்ளும் வேலை இல்லை. புதுப் பதிப்பு வெளிவந்தால் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். பழைய பதிப்பு ஏதோ ஒரு கம்பத்தின் உச்சியில் மழையில் நனைந்துகொண்டு ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு அந்தப் பதிப்புக்கான விளக்கம்தான் வேண்டும். புதியதில் ஒரு கட்டளை மாறியிருக்கும், ஒரு விளக்கின் நிறம் மாறியிருக்கும். அது பழைய பக்கத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது. இந்தக் காவல்தான் என் வேலை.

பந்தலூரைத் தாண்டி, கேரள எல்லைக்குப் போகும் வழியில் எங்கள் எஸ்டேட். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அதிகம். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளை லயம் என்று சொல்லும் பழக்கம் அப்படி வந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்கள் வீட்டில் அண்ணன், அண்ணி, நான். அண்ணன் தேயிலை பாக்டரியில் எலெக்ட்ரீஷியன். அண்ணி கொழுந்து எடுக்கப் போகிறவள். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் ஒரே ஜன்னலோரம் என்னுடையது.

யானைக்கு நாங்கள் புதியவர்கள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் அடுப்படிச் சுவரை ஒரு கொம்பன் தள்ளி உள்ளே விழச் செய்தது. உப்புக்கும் அரிசிக்கும் வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த அம்மாவின் காலில் கல் விழுந்து, கடைசிவரை அவள் அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தாள். பஸ்ஸுக்கு நடந்து போன ஆள் திரும்பி வராமல் போவதும், விறகுக்குப் போன பெண்ணைத் துண்டில் கட்டித் தூக்கி வருவதும் நாங்கள் பார்த்து வளர்ந்தவை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தன்னார்வக் குழு எங்கள் எஸ்டேட்டின் காட்டோரத்தில் கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டியை மாட்டியது. உள்ளே உடல் சூட்டை உணரும் ஒரு கண், சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் போர்டு, மேலே சைரனும் மஞ்சள் விளக்கும். பெரிய உடல் எதுவும் கம்பத்தைக் கடந்தால் சைரன் அலறும், விளக்கு சுழலும். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்ணனுக்கு வந்தது. விளக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால் அவனுக்காக நான் தமிழில் எழுதினேன். அப்படித்தான் நானும் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியானேன்.

அண்ணனிடம் நான் வற்புறுத்திச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று. பக்கத்தைத் திறந்து படிக்காமல் பெட்டியில் கை வைக்கக் கூடாது. அவன் அதை அப்படியே கடைப்பிடித்தான். ஸ்க்ரூ கழற்றுவதற்குக்கூடப் போனை எடுத்து, நான் சேமித்துக் கொடுத்த லிங்க்கைத் தொட்டு, வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கழற்றுவான். அண்ணி கேலி செய்வாள்.

பெட்டிகள் வந்த பிறகு சாவு நின்றது. நாங்களும் மாறினோம். காலையில் கதவைத் திறந்ததும் டார்ச் அடித்துச் செடிகளுக்குள் பார்ப்பதை விட்டு, வாசலில் நின்று காது கொடுக்கப் பழகினோம். சைரன் சத்தம் இல்லையென்றால் இறங்கி நடப்போம்.

எங்கள் பெட்டிகளின் போர்டு பழையது. புதுப் பதிப்பை அது தாங்காது. இதை நான் குழுவில் பலமுறை சொல்லியிருக்கிறேன். திட்டத்தின் தலைவர் கோயமுத்தூர்க்காரர், பெங்களூரில் இருக்கிறார். கெட்டவர் இல்லை. யாரையும் மரியாதை குறையாமல் பேசுகிறவர். வாராந்திரக் கூட்டம் ஒன்றில் அவர்தான் பழைய பதிப்புகளின் பக்கங்களை எடுத்துவிடலாம் என்றார்.

"இதைப் பாருங்க, பழசை வச்சுட்டே இருந்தோம்னா யாருமே புதுசுக்கு மாற மாட்டாங்க. பழைய பதிப்புல ஓட்டை இருக்குது. அதை நாமளே ஊக்கப்படுத்தற மாதிரி ஆயிருமுங்க."

எங்கள் ஊரில் மாற வழியில்லை என்றேன். கம்பத்தில் இருப்பது வேறு போர்டு, அதை மாற்றித் தர ஆள் வேண்டும், அதுவரை பக்கம் இருக்கட்டும் என்றேன். மற்றவர்கள் அவர் பக்கம் பேசினார்கள். கடைசியில் அவர், சரிங்க, உங்க கம்பமெல்லாம் மாறின பொறகு எடுத்துக்கலாம் என்று முடித்தார். அந்த வார்த்தையை நம்பி நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்து வந்த மாதங்களில் இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றினார்கள். மாற்றியவர்கள் பழைய பக்கங்களைக் கொண்டுபோகவில்லை. பழைய லிங்க்கைத் தொட்டால் அதே தலைப்புள்ள புதுப் பக்கம் திறக்கும்படி வைத்துவிட்டார்கள். தலைவர் சரி பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு வரி வரவில்லை.

அந்தப் புதுப் பக்கத்தின் தமிழும் நான் எழுதியதுதான். மலையடிவாரத்தில் புதுப் பெட்டி மாட்டிய ஓர் ஊருக்காக எழுதிக் கொடுத்தது. அதே நடை, அதே தலைப்புகள், அண்ணனுக்குப் பழகின அதே சொற்கள்.

பெட்டியின் பேட்டரியை மாற்றும்போது சைரன் வீணாக அலறும். அதனால் முதலில் பெட்டியை அமைதியாக்க வேண்டும். போனிலிருந்து ஒரு கட்டளை அனுப்பி, எவ்வளவு நேரம் என்று ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும். பழைய பதிப்பில் அந்த எண் மணி நேரத்தைக் குறிக்கும். ஒன்று என்று கொடுத்தால் ஒரு மணி நேரம். புதுப் பதிப்பில் அதை நிமிஷமாக்கிவிட்டார்கள். முப்பது என்று கொடுங்கள், பேட்டரி மாற்ற அது போதும் என்று புதுப் பக்கத்தில் நான் எழுதியிருந்தேன்.

பேட்டரி அபூர்வமாகத்தான் மாற்றுவார்கள். முன்பு மாற்றியபோது என்ன எண் கொடுத்தோம் என்பது அண்ணனுக்கு நினைவில்லை. நினைவை நம்பாதே, பக்கத்தைப் பார் என்று சொல்லி வைத்திருந்தேனே. ஷிப்ட் முடிந்து, சாயங்கால வெளிச்சத்தில் பம்ப் ஹவுஸ் மேட்டுக் கம்பத்தில் ஏறி, பக்கத்தைத் திறந்து படித்து, முப்பது என்று கொடுத்தான். பேட்டரியை மாற்றினான். வீட்டுக்கு வந்து கை கழுவிச் சாப்பிட்டான். பெட்டி முப்பது மணி நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டது.

இறந்தவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். ரத்த சொந்தம் இல்லை. சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். பாக்டரியில் ரிட்டயராகி, லயத்துத் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியும்போது மேட்டுக்குப் போய் வால்வைத் திருக வேண்டும். அன்று நல்ல மூடுபனி. அவர் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டாராம். "பொட்டி சும்மாதான் இருக்கு" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்.

சத்தம் எனக்கும் கேட்டது. மனிதச் சத்தம் ஒன்றே ஒன்று, அதுவும் பாதியில் நின்றது. அப்புறம் யானையின் பிளிறல், தகரத்தைக் கிழிப்பது மாதிரி. நாங்கள் டின்னையும் தட்டையும் தட்டிக்கொண்டு ஓடினோம். பனிக்குள் கறுப்பாக ஒன்று அசைந்து காட்டுப் பக்கம் இறங்கியது. தண்ணீர்க் குழாய் வளைந்து கிடந்தது. ஒற்றைச் செருப்பு பாதையில். மற்றது காலோடு செடிக்கு மேல் கிடந்தது. பெரியப்பாவின் நெஞ்சு இருந்த இடத்தில் மண்ணோடு மண்ணாக ஒரு பள்ளம். மகன் அவருடைய முகத்தைத் தேடினான். நான் பார்த்ததை இதற்கு மேல் எழுதவில்லை.

வனத்துறை வாட்ச்சர் ஒருவர் வந்து கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். சைரன் அமர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு மெதுவாக மினுங்கிக்கொண்டிருந்தது. பொட்டியை யாரோ அமர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். யார் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. முந்தின சாயங்காலம் அண்ணன் கம்பத்தில் ஏறியதை லயம் முழுக்கப் பார்த்திருந்தது.

அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்தபோது அண்ணன் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். உடலை இறக்க ஆள் வேண்டுமே என்று கிளம்பிக்கொண்டிருந்தான். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே இருந்த நிலையில் இழுத்தார்கள். படியில் முகம் மோதியது. அப்புறம் கைகள், செருப்புகள், ஒரு குடைக் கம்பு. எங்கள் அம்மாவைப் பிரேதமாகச் சுமந்த தோள்கள்தான் அவை. ஒரு கிழவர்கூட வந்து தன் பங்குக்கு ஒரு உதை கொடுத்துவிட்டுப் போனார். நான் உள்ளே புகுந்தேன். முழங்கை ஒன்று என் வாயில் பட்டு, பல் உதட்டில் இறங்கியது. என் ரத்தத்தை நானே விழுங்கிக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

பெரியப்பாவின் மகன் எங்கள் சுவரில் சாத்தியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். தேயிலைச் செடியை ஒரே வீச்சில் வெட்டுகிற கத்தி. முதல் வீச்சைப் பின்பக்கத்தால்தான் வீசினான். அது அண்ணனின் இடது கண்மேல் பட்டது. உடைகிற சத்தம் கேட்டது. அடுத்த வீச்சுக்குக் கத்தியைத் திருப்பிப் பிடித்தான்.

அப்போது அண்ணி அடுப்பிலிருந்து சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேகும் சோறும் கொதிக்கும் கஞ்சியும். கூட்டத்தின் மேல் அப்படியே வீசினாள். ஒருவனின் முதுகுத் தோல் சட்டையோடு ஒட்டி உரிந்தது. அலறிக்கொண்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். மகனின் கையிலும் கொட்டி, கத்தி விழுந்தது. அண்ணி வெறும் பானையை ஓங்கியபடி அண்ணனுக்கு முன்னால் நின்றாள்.

"வாங்கடா. இன்னும் அடுப்புல நெருப்பு இருக்கு."

அந்த இடைவெளியில் போலீஸ் ஜீப் வந்து சேர்ந்தது. அண்ணனை அள்ளிப் போட்டார்கள். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஜீப் வளைவு திரும்பும்வரை கல் விழுந்தது. பின்கண்ணாடி உடைந்து எங்கள் மேல் கொட்டியது. திரும்பிப் பார்த்தேன். கம்பங்களில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளைக் கல்லின் மேல் வைத்துக் கோடாலியால் உடைத்தார்கள். இழுத்தபோது ஒரு சைரன் மட்டும் அலறியது. அதை உடைக்க நிறைய நேரம் ஆனதாம்.

கூடலூரில் முதலுதவி செய்து ஊட்டிக்கு அனுப்பினார்கள். தாடை உடைந்திருந்ததால் அண்ணனால் பேச முடியவில்லை. இடது கண் போய்விட்டது. மறுநாள் மயக்கம் தெளிந்ததும் போனைக் கேட்டுக் கை நீட்டினான். விரல் வீங்கியிருந்தது. லிங்க்கைத் தொட்டு, பக்கத்தைத் திறந்து, என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தான். முப்பது என்று கொடுங்கள். தன்மேல் தப்பில்லை என்று காட்டுகிறான் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவன் கேட்கிறான். இதில் எங்கே பிசகினேன் என்று என்னிடம் கேட்கிறான்.

பக்கத்தின் தலைப்பில் சின்ன எழுத்தில் பதிப்பு எண் இருந்தது. எங்கள் பெட்டியின் எண் இல்லை அது. நான் எழுதிக் கொடுத்து, வருஷக்கணக்காகக் காத்து வந்த பக்கம் அந்த இடத்தில் இல்லை.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று தலைவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். ஒரு மனிதர் செத்துப்போனதைச் சொன்னேன். என் அண்ணனின் கண்ணைச் சொன்னேன். அவர் சொன்ன முதல் வார்த்தை இது.

"மேலயே பதிப்பு எண் போட்டிருக்குதுங்களே."

அந்தக் கணத்தில் அவர் எதிரில் இருந்திருந்தால் நான் கொன்றிருப்பேன். இது பேச்சுக்குச் சொல்வதல்ல. படியோரத்தில் ஒரு இரும்புக் குளுக்கோஸ் ஸ்டாண்ட் சாய்ந்து கிடந்தது. அதை எடுத்து அவர் மூக்குக் கண்ணாடியின் எந்தப் பக்கம் அடிப்பேன் என்பதுவரை மனது போய் நின்றது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். லயத்தில் சண்டை வந்தால் பெண்கள் சொல்கிற வார்த்தைகள், நான் அதுவரை ஒருமுறைகூடச் சொல்லியிராதவை. மாடிப்படியில் ஏறியவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவர் போனை வைக்கவில்லை. முழுவதையும் கேட்டார். பிறகு அழுதார். அவர் அழுதது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத்தான் கொடுத்தது. அன்று பொழுது சாய்வதற்குள் பழைய பக்கங்கள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது அது.

போலீஸ்காரர் வாக்குமூலம் வாங்க வந்தார். யார் அடித்தார்கள் என்று கேட்டார். அண்ணன் தெரியாது என்று தலையை ஆட்டினான். நான் பெயர்களைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தான். அந்த லயத்தைத் தவிர எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

திரும்பி வந்தோம். யாரும் எங்களோடு பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் எங்கள் குடம் வந்தால் மற்றக் குடங்கள் விலகின. முதுகு வெந்தவனின் மனைவி அண்ணியைக் கொழுந்துக் காட்டில் கூடையோடு தள்ளிவிட்டாள். அண்ணி எழுந்து அவள் முடியைப் பிடித்தாள். இரண்டு பேரையும் பிரிக்கக் கங்காணிக்குப் பெரும்பாடாகிவிட்டது. வீட்டுக்குள் அண்ணி என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு தடவை, சோறு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"படிக்காத ஆளா இருந்திருந்தா, ஒன்னுன்னு ஒரு குத்துமதிப்பா குடுத்துட்டு வந்திருப்பாரு."

நான் தட்டைச் சுவரில் எறிந்தேன். அவள் குனிந்து பொறுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

தலைவர் ஒருநாள் நேரில் வந்தார். நான் வரச் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து ஸ்வெட்டர் கையில் தொங்க இறங்கினார். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். செத்தவரின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். வேண்டாம், உயிரோடு திரும்ப மாட்டீர்கள் என்றேன். "பரவாயில்லீங்க" என்றார். லயத்தின் வழியாக அவரை நடத்திக்கொண்டு போனபோது எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். இவர்தான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணனுக்கு விழுந்ததெல்லாம் இவருக்கு விழும். அந்த வார்த்தை என் நாக்கில் இருந்தது. சொல்ல ஆசையாகவும் இருந்தது.

மகன் வெளியே வந்தான். கை வெந்த இடம் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. நான் அவனிடம் மட்டும் சொன்னேன். பெட்டியை அமர்த்துகிற கட்டளை பழைய பெட்டிக்கு ஒரு மாதிரி, புதுப் பெட்டிக்கு ஒரு மாதிரி. பழையதைச் சொல்லும் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னவர் இவர். அண்ணன் பக்கத்தில் இருந்ததைத்தான் செய்தான்.

"பக்கமா?" என்றான் அவன். வேறு மொழியில் பேசியதுபோல என்னைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்து, "காட்டுங்க அந்தப் பக்கத்தை" என்றான்.

தலைவர் போனில் திறந்து கொடுத்தார். அவன் வாங்கி, உதட்டை அசைத்துப் படித்தான். கீழே தள்ளினான், மேலே தள்ளினான். ஒரு திரையில் அடங்கிவிடுகிற சின்னப் பக்கம்.

"இவ்ளோதானா? இந்த நாலு வரிக்கா எங்கப்பா?"

போனைத் துணி துவைக்கும் அலக்குக் கல்லின் மேல் ஓங்கி அடித்தான். சில்லு தலைவரின் கன்னத்தில் கீறி ரத்தம் வந்தது. பிறகு அவருடைய சட்டையை நெஞ்சோடு பிடித்துத் தூக்கிச் சுவரில் சாத்தினான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையை உயர்த்தித் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. உள்ளிருந்து பெரியம்மா மட்டும், "விடு. அடிச்சுப் பார்த்தாச்சே ஒருத்தனை" என்றாள். அவன் பிடி தளர்ந்தது. அவரை விட்டுவிட்டு அதே சுவரில் தன் நெற்றியை மோதினான். மறுபடியும் மோதினான். அவனைப் பிடித்து இழுத்தது தலைவர்தான்.

பஸ் ஏறும்போது அவர், பழைய பதிப்புகளை எடுப்பதா வைப்பதா என்று இனி நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். அவரை மன்னித்தேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கூட்டங்களில் இன்றும் அவர் முகம் திரையில் வந்தால் என் கை இறுகுகிறது.

மழைக்காலத்தில், பெரியப்பாவைக் கொன்ற ஒற்றைக் கொம்பன் திரும்பி வந்தது. கம்பங்கள் இல்லாத காட்டோரம் வழியாக இறங்கி, ரேஷன் கடையின் ஷட்டரைப் பிய்த்தது. பிள்ளைகள் சாப்பிடும் கொட்டகையைத் தரையோடு சாய்த்தது. கொழுந்து நிறுக்கப் போன ஒரு பெண்ணைத் தும்பிக்கையால் தூக்கி எறிந்து இடுப்பை உடைத்தது. அவள் பிழைத்தாள். அதற்குப் பிறகுதான் லயத்தில், பெட்டி மறுபடி வரட்டும் என்று பேச்சு எழுந்தது. எங்களிடம் நேரில் யாரும் கேட்கவில்லை. எங்கள் காதில் விழும்படி சொல்லிக்கொண்டார்கள்.

உடைத்தவற்றில் இரண்டு போர்டுகள் தப்பியிருந்தன. பழைய பதிப்பு அவற்றில் அப்படியே இருந்தது. நான் அவற்றைத் துடைத்து, ஒன்றில் மட்டும் ஒரு கண்ணையும் சைரனையும் ஒட்டவைத்து, பெட்டியாக்கி என் ஜன்னலோர மேஜையில் பொருத்தினேன். அந்தப் பதிப்புக்கான விளக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் அந்தப் பெட்டியிலேயே செய்து பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். செய்து பார்க்காத ஒரு வரியும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஒரு மத்தியானம் அமைதிக் கட்டளையைக் கொடுத்துவிட்டு, அது முடிந்ததும் பெட்டி தானாகவே விழித்துக்கொள்கிறதா என்று பார்க்கக் காத்திருந்தேன். நேரம் முடிந்தது. பெட்டியின் கண் எனக்குப் பின்னால் எரிந்த அடுப்பின் சூட்டைக் கண்டுகொண்டது. அந்தச் சின்ன அறைக்குள் சைரன் முழு வேகத்தில் அலறியது. காது கிழிந்தது. ஒயரைப் பிடுங்கத் தெரியாமல் திணறினேன்.

பின்கட்டிலிருந்து அண்ணன் ஓடி வந்தான். மிஞ்சியிருந்த ஒரு கண் பிதுங்கி நின்றது. மேஜையை எட்டி உதைத்தான். பெட்டி தரையில் விழுந்தும் அலறியது. அவன் என்னை அறைந்தான். பிறந்தது முதல் என்மேல் கை வைத்திராதவன், கன்னம் கன்னமாக அறைந்தான். நான் விழுந்தேன். விழுந்த இடத்தில் ஒயர் கையில் பட்டது. பிடுங்கினேன். சத்தம் நின்றது. அவன் மூச்சு மட்டும் கேட்டது.

வெளியே லயமே திரண்டிருந்தது. கம்பு, டின், கவ்வாத்துக் கத்தி. எல்லோருக்கும் முன்னால் பெரியப்பாவின் மகன் நின்றான், கையில் தீப்பந்தத்தோடு. ஆனை எந்தப் பக்கம் என்று யாரோ கேட்டார்கள். அண்ணி அடுப்பு மேலிருந்த தண்ணீர்ப் பானையின் காதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

அண்ணன் வாசலுக்குப் போனான். அந்தக் காலைக்குப் பிறகு அவனும் மகனும் நேருக்கு நேர் நின்றது அப்போதுதான். தாடை கோணிக் கூடியிருந்ததால் அவன் பேச்சு தெளிவாக வராது. மெதுவாகச் சொன்னான்.

"ஆனை இல்ல. தங்கச்சி பொட்டியைச் சோதிச்சுக்கிட்டிருக்கா."

மகன் உள்ளே எட்டி, தரையில் கிடந்த பெட்டியையும் என் கன்னத்தையும் பார்த்தான். அண்ணனின் மூடிய கண்ணைப் பார்க்காமல் தவிர்த்தான்.

"வேலை செய்யுதாண்ணே?"

"செய்யுது."

அவன் தீப்பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தான். கூட்டம் கலைந்தது. அண்ணன் உள்ளே வந்து என்னைப் பார்க்காமல் மேஜையை நிமிர்த்தி வைத்தான். நேரம் முடிந்ததும் பெட்டி தானாக விழித்துக்கொள்ளும் என்ற அந்த வரியை வீங்கிய கன்னத்தோடு அன்றே எழுதி முடித்தேன்.